மூட்டைக் கணக்கில் வாங்கிய வேன்

இன்ஜினை ஓடவிட்டு நாலு எட்டுத் தள்ளி நின்று காது கொடுத்தால் போதும், அதன் ஜாதகத்தையே நான் சொல்லிவிடுவேன். முப்பது வருஷம் பம்புசெட் மோட்டாரோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்தத் திமிர் கூட இல்லாவிட்டால் எப்படி? எங்கள் பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஊருக்கெல்லாம் சரியாகச் சொன்னேன். என் வீட்டுக்கென்று வாங்கிய ஒரே வண்டியில் கோட்டை விட்டேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் போக வேண்டியிருந்தது. எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குப் பக்கம். விடிகாலை இருட்டிலேயே கிளம்பினால்தான் முதல் ஆளாக மெஷின் கிடைக்கும். போகும்போது பஸ்ஸில் ஒரு கஷ்டமும் இல்லை. திரும்பும்போதுதான் உயிர் போகும். மெஷினிலிருந்து எழுந்ததும் அவளுக்கு பிரஷர் இறங்கிவிடும். தலை நிமிர்ந்தால் கண் இருட்டும், படுத்தே இருக்க வேண்டும். பஸ்ஸில் எங்கே படுப்பது? ஒரு நாள் பாபநாசம் தாண்டியதும் சீட்டிலிருந்து சரிந்து நடுவில் விழுந்துவிட்டாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவள் சேலையைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே நான் வரலைங்க. இருக்குற வரைக்கும் இங்கேயே இருந்துட்டுப் போறேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள்தான் போனில் யோசனை சொன்னாள். "அப்பா, கேம்பர் வேன்னு ஒண்ணு இருக்குப்பா. உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் வச்சிருப்பாங்க. அம்மா படுத்துக்கிட்டே வரலாம்." நாலைந்து வீடியோவும் அனுப்பினாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காபி குடிப்பார்கள். என் மனைவி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"நாமளும் அணைக்கரையில நிறுத்தி டீ போடலாம்ல."

"உனக்குத் தண்ணியே அளந்துதான் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"நீங்க குடிங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அந்த வீடியோவில் இருப்பது போன்ற வேனின் விலையை மகள் விசாரித்துச் சொன்னாள். அந்த விலைக்கு எங்கள் தெருவையே வாங்கிவிடலாம். அதனால் நான் கொஞ்சம் இறங்கி யோசித்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன வேன். நல்ல மைலேஜ் தர வேண்டும். தினமும் டூல்ஸ், மோட்டார் எல்லாம் ஏற்றிக்கொண்டு என் தொழிலுக்குப் போய்வர வேண்டும். ஆஸ்பத்திரி நாளில் அவள் காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அவளிடம் கேட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "படுத்திருக்கும்போது வெளியே தெரியணுங்க." அப்படி இருந்தால் மறுபடி தஞ்சாவூருக்கு வருகிறேன், அதுவரை வாடகைக் காரில் கூட்டிப்போங்கள் என்றும் சொன்னாள்.

வெளியே அவள் என்ன பார்க்க ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய வயலை.

அவள் அப்பா ஒரு மிராசுதாரிடம் பண்ணையாளாக இருந்தவர். சங்கம் கட்டி, அடி வாங்கி, ஜெயிலுக்கும் போய் வந்து, கடைசியில் மூணு மா நிலத்துக்குக் குத்தகைப் பதிவு வாங்கினார். மூணு மா என்றால் ஒரு ஏக்கர். முதல் இரண்டு அறுவடை போலீஸ் காவலில் நடந்ததாம். மிராசுதாரின் ஆட்கள் ராவோடு ராவாகக் கதிரை அறுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வரப்பில் உட்கார வைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி இவள். எட்டு வயசு. பிற்பாடு அவர் அந்த நிலத்தைக் கிரயமாகவே வாங்கி, கல்யாணத்தில் இவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். நகை போடவில்லை என்று என் பக்கத்து ஆட்கள் முணுமுணுத்தார்கள். வயலைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

பிறகு நாலுவழிச் சாலை வந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை வயலுக்கு நடுவே நட்டார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும், எந்தக் கட்சிக் கரைவேட்டி கட்டியிருந்தாலும், ஒரு பிடி மண்ணைத் தொட விடமாட்டோம் என்றார்கள். ஜெயித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள், தோற்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆட்சி மாறியது, கல் மாறவில்லை. மண்ணள்ளும் மெஷின் வந்த அன்று சம்பாப் பயிர் பால் பிடித்து நின்றது. இவள் உள்ளே இறங்கி நின்றுகொண்டாள். நாலு பெண் போலீஸ் சேர்ந்து தூக்கிக் கரையேற்றினார்கள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "கதிரை நசுக்கிப் பாத்தேங்க. வெள்ளையா பால் வந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். மூணு மாவில் மிச்சம் கிடைத்தது சாலைக்கு வடக்கே ஒரு மூலைத் துண்டு, அரை மா கூட இருக்காது. தஞ்சாவூரிலிருந்து திரும்பி வரும்போது அது நமக்கு இடது கைப்பக்கம், ஒரு சின்ன வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருக்கும். அவள் கால் வீங்கத் தொடங்கும் வரை அந்தத் துண்டிலும் நட்டுக்கொண்டுதான் இருந்தாள். முடியாமல் போனதும் பக்கத்து வயல்காரர் தன் வயலோடு சேர்த்து நட்டுவந்தார்.

நிலத்துக்கு வந்த நஷ்டஈட்டில் வைத்தியத்துக்குப் போனது போக மிச்சமிருந்ததில்தான் வேன் பார்க்கப் போனோம். அவள் வயல்தான் வேனாக மாறியது. அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு புரோக்கர் பழைய வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார். இரண்டு வண்டி எங்கள் கைக்கு அடக்கமாக இருந்தன. ஒன்று வெளிர்நீல வேன், ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப்போனது. சுற்றிலும் கண்ணாடி ஜன்னல். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டால் பலகை போட்டுக்கொள்ளலாம். இவள் அதில் ஏறி, தரையிலேயே படுத்துவிட்டாள். தலையைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு, "ஏங்க, எல்லாம் தெரியுதுங்க. நீங்க ஒரு தடவை படுத்துப் பாருங்க" என்றாள்.

"மெக்கானிக்கு நின்னு பாத்தாப் போதும்" என்றேன். புரோக்கர் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

இன்னொன்று வெள்ளை டெலிவரி வேன். முன்னால் இரண்டு சீட், பின்னால் மூன்று பக்கமும் தகரம், பின்பக்கம் மட்டும் கதவு. அதன் இன்ஜின் சத்தம் கேட்டதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. தங்கமான இன்ஜின். நீல வேனைவிட லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கூடவே கொடுக்கும். விலையும் கொஞ்சம் குறைச்சல். நான் புரோக்கரிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "எத்தனை மூட்டை ஏறும்?"

எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பளை எந்த வண்டியைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பான். கல்யாணத்துக்குக் கார் பிடித்தால் கூட டிக்கியைத் திறந்து நெல் மூட்டை ஏறுமா என்று மனசுக்குள் அளப்பான். கொள்முதல் நிலையத்துக்கு நெல்லை ஏற்றிப்போக வண்டி கிடைக்காமல் மழையில் நனையவிட்ட புத்தி அது, லேசில் போகாது.

"பன்னெண்டு ஏறும்" என்றார் புரோக்கர்.

அவள் நீல வேனிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். புரோக்கருக்குக் கேட்காமல், "எந்த வயல்லேருந்துங்க மூட்டை வரப்போவுது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மை சுட்டால் ஆம்பளைக்குக் கோபம்தானே வரும். "நம்ம நெல்லு இல்லாட்டி என்ன, ஊரான் நெல்லை ஏத்திப்போனாலும் வாடகை வரும். டீசல் யார் போடுறது? ஜன்னல்தானே, பட்டறையில குடுத்து ஒரு நாள்ல வெட்டி வச்சிடலாம்" என்றேன். அவள் நீல வேனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்குப் புடிச்சா சரிங்க" என்றாள். அவள் விட்டுக்கொடுத்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பலகை அடித்து, இலவம்பஞ்சு மெத்தை போட்டு, அடியில் டூல்ஸ் பெட்டி தள்ள இடம் விட்டு ஒரு கட்டில் செய்தேன். அதில் குறை சொல்ல முடியாது. முதல் தடவை வேனில் போய்த் திரும்பிய அன்று குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்பும் இடத்தில் நடவாட்கள் பெண்கள் நாலைந்து பேர் சேற்றுக் காலோடு ஓடிவந்து, வேனுக்கு முன்னால் ஒரு நாற்று முடியை வைத்துவிட்டு வழியை மறித்தார்கள். நடவுக் காலத்தில் அது வழக்கம். முடி என்றால் நாற்றுக் கட்டு, அதை வைத்தால் காசு கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும்.

"என்னா மெக்கானிக்கண்ணே, புது வண்டி வாங்கிட்டு சும்மா போயிடலாம்னு பாக்குறீங்களா?"

உள்ளேயிருந்து இவள், "யாருங்க அது? யாரு சிரிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தேன். எல்லாரும் அவளோடு வரிசையில் நின்று நட்டவர்கள். அவள் மெலிந்து கிடந்ததைப் பார்த்ததும் கதவருகே நெருங்கி வந்தார்கள். பிறகு ஒருத்தி, "என்னாக்கா, வூட்டையே வண்டியில வச்சிட்டியா?" என்றாள். இவள் சிரித்தாள். காசு கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்த முடியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் உடைந்த அண்டா ஒன்றில் சேறு குழைத்து அதை நட்டாள். அந்த வருஷம் அவள் நட்டது அவ்வளவுதான்.

போகும்போது இருட்டு. திரும்பும்போது தகரம். அவள் வயல் எப்போது வருகிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், குலுக்கலில். வாய்க்கால் பாலத்தின் இரண்டு முனையிலும் தார் அமுங்கியிருந்தது. ஏறும்போது வண்டி ஒரு தூக்குத் தூக்கும், இறங்கும்போது ஒரு தூக்கு. இரண்டாவது தூக்கு முடிந்ததும் பின்னாலிருந்து, "வந்துருச்சு" என்று குரல் வரும். குலுக்கலை வைத்துத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கு உடம்பு நோகிறதே என்று, அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்துப் பூப்போல ஏற்றி இறக்க ஆரம்பித்தேன். இரண்டு மூன்று தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது தடவை, வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது, "இன்னும் பாலம் வரலையா?" என்று கேட்டாள்.

"அப்பவே தாண்டியாச்சே."

"அந்த இடத்துல மெதுவா ஓட்டாதீங்க. குலுங்கினாத்தான் எனக்குத் தெரியும்" என்றாள். அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது.

அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது. மறுநாளே காயலாங்கடையில் ஒரு பழைய பஸ் ஜன்னலைச் சட்டத்தோடு வாங்கி வந்தேன். சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பட்டறையில் ஒரு நாள் வண்டியை விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்குச் சரியாக வரவில்லை. எல்லாருக்கும் போர் மோட்டார்தான் உயிர். ஒரு மோட்டார் புகைந்தால் நாலு குடும்பம் வாசலில் வந்து நிற்கும். பயிர் காய்கிறது என்று ஒருவன் சொன்னால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊரில் ஒரு மோட்டார் பாக்கியில்லாமல் ஓடவிட்டேன், என் வீட்டு வேனுக்கு ஒரு ஓட்டை போடவில்லை. குறுவை முடியட்டும் என்றேன். பிறகு சம்பா நடவு முடியட்டும் என்றேன். அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள், மெஷினில் படுத்திருந்தபோது அவள் கேட்டாள்.

"இப்பக் கதிர் பால் புடிச்சிருக்கும்ல?"

"புடிச்சிருக்கும்."

"திரும்பும்போது அங்க நிறுத்துறீங்களா? பின் கதவைத் திறந்துவிட்டீங்கன்னா ஒரு பார்வை பாத்துடுவேன்."

அன்றைக்கு என் போன் நாலு தடவை அடித்துவிட்டது. ஒருவருடைய மோட்டார் காலையிலிருந்து நிற்கிறது. "லாரி பறக்குற ரோட்டுல எங்க நிறுத்துறது? இந்தத் தடவை விடு. பொங்கலுக்குள்ள ஜன்னலே வச்சிடுறேன், வர்றப்பல்லாம் பாரு" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

திரும்பும்போது அவள் சொல்லியிருந்தபடி பாலத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு தூக்கு. இன்னொரு தூக்கு. பின்னாலிருந்து குரல் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். போன் மறுபடி அடித்தது, வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொன்னேன். வீட்டு வாசலில் நிறுத்திப் பின் கதவைத் திறந்தபோது அவள் தகரத்தைப் பார்த்து, இடது பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. பாலத்துக்கு முன்னாலேயே போய்விட்டாளா, குலுங்கியபோது இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது? நிறுத்தியிருந்தால் அவள் பிழைத்திருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். ஆனால் நிறுத்தியிருக்கலாம்.

கருமாதி முடிந்த மறுநாள் வேனைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். எந்த உயரத்தில் வெட்ட என்று வெல்டர் கேட்டார். நான் வெளியே நின்றபடி கையை வைத்து, "இங்க" என்று காட்டினேன். சாயங்காலத்துக்குள் ஜன்னல் வைத்துவிட்டார். ஒரு நாள் வேலை கூட இல்லை அது.

மகள் அந்த வேனைப் பார்க்கவே முடியவில்லை என்றாள். "வித்துடுங்கப்பா" என்று ஒவ்வொரு தடவை போனிலும் சொன்னாள். சரி என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், சொந்தமாக வயல் உள்ளவர். இன்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிறகு பின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எத்தனை மூட்டைங்க ஏறும்?"

"பன்னெண்டு ஏறுங்க."

"இந்த ஜன்னல் எதுக்குங்க? மழைத் தண்ணி உள்ள வந்தா நெல்லு வீணாப் போயிடும். தகரத்தை வச்சு அடைச்சுக்கிறேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

மறுநாள் ஒரு மோட்டாரை ரீவைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பாலம் வந்தது. ஒரு தூக்கு, இன்னொரு தூக்கு. ஓரமாக நிறுத்தினேன். லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன, ஒன்றும் ஆகவில்லை. நிறுத்த முடிகிற இடம்தான் அது. மூலைத் துண்டில் கதிர் பழுத்துச் சாய்ந்திருந்தது. பின் கதவு வழியாக ஏறி, அவள் கட்டிலில், அவள் தலை வைத்த பக்கமே தலை வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் படுத்தேன். இடது பக்கம் திரும்பினேன்.

ஜன்னல் வழியே வானம் தெரிந்தது. கரண்டுக் கம்பி இரண்டு தெரிந்தது. வயல் தெரியவில்லை. நின்றால் தெரியும், உட்கார்ந்தாலும் தெரியும். படுத்தவளுக்கு அது ஒரு சாண் உயரம்.

கும்பகோணத்துக்காரருக்குப் போன் செய்து வண்டி கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி பட்டறைக்குப் போக வேண்டும். வெட்டிய தகரத்தை அடைத்து, ஒரு சாண் கீழே இறக்கி வெட்ட வேண்டும். இந்தத் தடவை உள்ளே படுத்துக்கொண்டுதான் உயரம் காட்ட வேண்டும். நீங்க ஒரு தடவை படுத்துப் பாருங்க என்று அவள் அன்றைக்கே சொன்னாள்.